நிலவியல் பேச்சை எங்கே வைப்பது: அரங்கிலா, மேசையிலா, குன்றிலா, கண்மாய்க் கரையிலா?

மதுரையில் எங்களைப் போலச் சின்ன அறிவியல் அமைப்பு நடத்துகிறவர்களுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் வரும் கேள்விதான் இது. கையில் இருப்பது உறுப்பினர் சந்தா, ஒன்றிரண்டு நன்கொடை, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கத் தயாராக உள்ள சிலர். இதை வைத்து நிலவியல் பற்றிப் பொதுமக்களுக்குப் பேச்சு நடத்த வேண்டும். பேராசிரியரை அழைத்து அரங்கில் பேச வைக்கலாம். கற்களை மேசையில் பரப்பி வைத்துப் பேசலாம். யானைமலைக்கோ சமணர் மலைக்கோ ஆட்களைக் கூட்டிப்போய்ப் பாறை மேலேயே பேசலாம். ஊர்ப்பக்கம் போய்க் கண்மாய்க் கரையில் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசலாம். இணையவழியிலும் நடத்தலாம். எல்லாவற்றையும் செய்ய ஆளும் இல்லை, காசும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை மேசை, மறுநாள் காலை குன்று. இரண்டும் ஒரே நிகழ்ச்சி. அதற்கு அடுத்த இடம் கண்மாய்க் கரைக்கு. அரங்க உரை ஆண்டுக்கு ஒன்று போதும். இணையவழியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அரங்க உரையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பெரிய கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. வடக்கே பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலம், தெற்கே அச்சன்கோவில் வெட்டு மண்டலம். பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த நீண்ட பட்டையைத்தான் வெட்டு மண்டலம் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தை உலகெங்கும் உள்ள நிலவியலாளர்கள் நம் ஊர்ப் பெயரிலேயே மதுரைப் பாளம் என்கிறார்கள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலப்பாளங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் சேர்ந்தபோது, இங்குள்ள பாறைகள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து வெந்தன. இலங்கையும் மடகாஸ்கரும் கிழக்கு அண்டார்க்டிகாவும் அன்று நமக்கு அக்கம்பக்கம். நிலத்தில் அப்போது ஒரு புல்கூடக் கிடையாது. தேனி மாவட்டத்தின் கெங்குவார்பட்டியில் சாஃபிரின் என்ற அரிய கனிமம் கொண்ட பாறைகள் இருக்கின்றன. 900 டிகிரிக்கும் மேல் சூடேறிய பாறைகள் அவை. அவற்றைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருகிறார்கள், வத்தலக்குண்டு பக்கம் பேருந்தில் போகிற நமக்கு அந்தச் சேதி தெரியாது. இதையெல்லாம் சொல்ல வரைபடம் வேண்டும், திரை வேண்டும், இருட்டான அறை வேண்டும்.

ஆனால் நம் ஊர் அரங்க நிகழ்ச்சி எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வரவேற்புரை, முன்னிலை, இரண்டு வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போதே வந்தவர்களில் பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் வகுப்புக்குத் தயாரித்த படங்களை அப்படியே கொண்டுவந்திருப்பார். பத்தாவது படத்தில் கிரானுலைட், பதினைந்தாவதில் உருமாற்ற நிலைகள். கேள்வி நேரத்தில் ஏற்கெனவே பாடம் படித்தவர்கள் மட்டும் கேட்பார்கள். வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனவர் கேட்கவே மாட்டார். கல்லூரி அரங்கம் என்றால் வாசலில் பெயர், செல்பேசி எண், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். அதைப் பார்த்தே தயங்கித் திரும்பிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாடகை, ஒலிபெருக்கி, பயணப்படி எல்லாம் சேர்த்தால் ஒரே மாலையில் சந்தாவின் பெரும்பங்கு போய்விடும். அதனால்தான் ஆண்டுக்கு ஒன்று என்கிறேன். அந்த ஒன்றையும் புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போல, மாணவர்களும் குடும்பங்களும் எப்படியும் வந்துபோகிற இடத்தில் வைக்க முயலலாம்.

இப்போது மேசைக்கு வருகிறேன். இதற்கு வேண்டியது நீளமான இரண்டு மேசை, நல்ல வெளிச்சம், சில கைலென்ஸ், ஒரு காந்தம், ஓர் இரும்பு ஆணி, கொஞ்சம் வினிகர். கற்களுக்குக் காசே கொடுக்க வேண்டாம். சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் கடைகளில் மிச்சத் துண்டுகள் குவிந்து கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட என்று கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மேலூர்ப் பக்கத்துக் கல்லான காஷ்மீர் ஒயிட் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் நிறத்துக்கு நடுவே கடுகளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை கார்னெட் என்ற கனிமம். அந்தக் கல் பூமிக்குள் எவ்வளவு அழுத்தமும் சூடும் பட்டது என்று கணக்கிட அந்தப் புள்ளிகள்தான் நிலவியலாளர்களுக்குக் கைகொடுக்கின்றன. பெயரில் காஷ்மீர் இருப்பது வியாபாரிகள் வைத்தது; கல் நம் மண்ணுடையது. பக்கத்திலேயே கரேலென்று குன்னம் பிளாக் துண்டை வையுங்கள். கடையில் அதையும் கிரானைட் என்றுதான் விற்கிறார்கள். உண்மையில் அது டோலரைட். உருகிய குழம்பு பாறை வெடிப்புகளில் ஏறி இறுகிய கல். இந்த இரண்டு துண்டை வைத்தே ஒரு மணி நேரம் பேசிவிடலாம்.

மூன்றாவதாக ஒரு சார்னோகைட் துண்டு அவசியம். கொடைக்கானல் மலைச்சாலையில் வெட்டிய பாறைமுகங்களில் தெரிவது பெரும்பாலும் இதுதான். வெளித்தோல் பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த முகத்தில் மட்டும் எண்ணெய் தடவினாற்போல ஒரு பச்சை கலந்த சாம்பல் நிறம். இதற்குப் பெயர் வந்த கதை எந்தக் கூட்டத்திலும் எடுபடும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்திலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே அந்த வகைப் பாறைக்கு வைத்தார். இன்று அண்டார்க்டிகாவில் இதே வகைப் பாறையைக் கண்டாலும் அந்தப் பெயரில்தான் எழுதுகிறார்கள்.

மேசையின் பெரிய பலம், ஆட்கள் பேச ஆரம்பித்துவிடுவது. கல்லைக் கையில் கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். வெங்கச்சங்கல்லை, அதாவது குவார்ட்ஸைப் பார்த்ததும் சின்ன வயதில் உரசி நெருப்புப் பொறி பறக்கவிட்டதைச் சொல்லாத பெரியவர் இல்லை. சரி, அப்படியே ஆணியால் கீறிப் பாருங்கள், கோடு கல்லில் விழுகிறதா, இரும்பு தேய்கிறதா என்று கடினத்தன்மைக்குப் போய்விடலாம். காக்காப்பொன்னை நகத்தால் ஏடு ஏடாகப் பிரிக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் பொடித்து வினிகர் விட்டால் நுரைக்கும், வெங்கச்சங்கல் பொடி சும்மா இருக்கும். வைகை மணலைக் காகிதத்தில் பரப்பி அடியில் காந்தத்தை நகர்த்தினால் கரும்பொடி மட்டும் எழுந்து நடக்கும். அது மேற்கு மலைப் பாறைகளிலிருந்து ஆறு அரித்துக் கொண்டுவந்த மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். இத்தனைக்கும் ஒரு வகுப்பறை போதும்.

குறையும் உண்டு. முப்பது பேருக்கு மேல் வந்தால் மேசை தாங்காது. கூட்டமாக நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குக் கல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான குறை, கைப்பிடிக் கல்லைப் பார்த்து மலையை உணர முடியாது. அந்த அளவுக்கு மனம் விரிய மலையடியில் நின்றாக வேண்டும்.

அதற்குத்தான் மறுநாள் காலை. எந்தக் குன்று என்பதில் எங்களுக்குள்ளேயே பேச்சு நீளும். யானைமலைக்கு நான் முதலிடம் தருவேன். ஒத்தக்கடையில் பேருந்தை விட்டு இறங்கி நரசிங்கம் கோயிலுக்கு நடந்தால் போதும். வண்டி அமர்த்த வேண்டாம். முழு மலையும் ஒரே பாறை போலத் தெரிவதால் முதல் தடவை வருகிறவருக்கும் பார்வை சிதறாது. பாறையின் மேற்பரப்பு வெங்காயத்தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்து நிற்பதைக் கீழிருந்தே காட்டலாம். ஆழத்தில் அமுக்கத்தில் இருந்த பாறை, மேலே கிடந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதும் விரிவடைகிறது. அப்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்பு விழுகிறது. அந்த வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் எங்கே வெளிவருகிறதோ அங்கே சுனை. ஏடு பெயர்ந்து விழுந்த இடத்தில் குகைத்தளம். அந்த நிழலில்தான் சமண முனிவர்கள் கற்படுக்கை வெட்டிக்கொண்டார்கள். மழைநீர் உள்ளே ஒழுகாமல் இருக்க குகை நெற்றியில் பள்ளமாகக் காடி வெட்டியிருப்பதையும் காட்டுங்கள். பாறை எப்படி நீரை விடும் என்று தெரிந்தவர்கள் வெட்டிய கோடு அது. கீழே பொ.ஆ. 770-இல் மாறன் காரி என்ற பாண்டிய அமைச்சர் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைந்த கோயில். அடியார்கள் கும்பிட்டு வரட்டும், அப்புறம் பாறையைப் பற்றிப் பேசலாம்.

சமணர் மலை அதற்குச் சளைத்ததல்ல. கீழக்குயில்குடித் தாமரைக் குளம், ஐயனார் கோயில், ஆலமர நிழல் என்று உட்கார்ந்து பேச இடம் இருக்கிறது. பேச்சிப்பள்ளம் வரை படி இருக்கிறது. குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கு யானைமலையை விட இதுதான் தோது. நிழல் வேண்டும் என்றால் கீழக்குயில்குடி, மலையை ஒரே பார்வையில் காட்ட வேண்டும் என்றால் ஒத்தக்கடை என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பசுமை நடை நண்பர்கள் இப்படிப்பட்ட குன்றுகளுக்கு ஞாயிறு காலைகளில் மக்களைக் கூட்டிப்போய்த் தொல்லியல் அறிஞர்களைப் பேச வைத்துப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். கல்வெட்டைப் படித்துக் காட்ட ஆள் இருக்கும் ஊரில், அந்தக் கல்லையே படித்துக் காட்டவும் ஆள் வேண்டாமா?

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். சுத்தியல் வீட்டிலேயே இருக்கட்டும். இந்தக் குன்றுகளில் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ளன. ஒரு சில்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது, பெயர்க்கவும் தேவையில்லை. தொட்டுப் பார்க்கத்தான் முந்தின நாள் மேசை இருந்ததே. மேசையையும் குன்றையும் பிரிக்காதீர்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மாலையில் கார்னெட்டையும் காக்காப்பொன்னையும் தனியாகப் பார்த்தவர் காலையில் பாறையின் வரிகளைப் பார்க்கும்போது அவராகவே பெயர் சொல்லுவார். பேச்சாளர் பாதிச் சொன்னால் போதும்.

மலை ஏற முடியாத பெரியவர்களுக்கு நகருக்குள்ளேயே ஒரு கல் நடை வைக்கலாம். ஞாயிறு காலை கடைகள் திறக்கும் முன் பத்துத் தூண் சந்தில் நின்று தூண்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்ச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கல்லைப் போலக் காட்டுவதை ஒப்பிடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதை இழுக்கக் கூடாது.

கண்மாய்க் கரைக் கூட்டம் வேறு மாதிரி. இதற்குக் கூட்டம் சேர்க்க வேண்டிய வேலையே இல்லை. எங்கள் ஊரில் போர் போட்டவர் இல்லாத தெரு கிடையாது; எத்தனை அடி போனது, எத்தனை அங்குலம் தண்ணீர் என்பதுதான் தெருப்பேச்சு. அடுத்த வீட்டில் தண்ணீர் கொட்டுகிறது, நம் வீட்டில் புழுதி பறக்கிறது, ஏன்? தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறி நிற்க இடம் இல்லை. மேலே சிதைந்து உதிர்ந்த அடுக்கில் கொஞ்சம் நிற்கும், கீழே வெடிப்புகளில் கொஞ்சம் ஓடும். துளை வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டால் புழுதி. ஆழம் போகப் போக வெடிப்புகள் பொதுவாக இறுகிவிடும் என்பதால், இன்னும் ஒரு நூறு அடி இறக்கினால் கட்டாயம் வரும் என்ற நம்பிக்கைக்குப் பாறை உத்தரவாதம் தராது. அந்த மேலடுக்கு நிறைய வேண்டும் என்றால் மழைநீர் நின்று இறங்க வேண்டும். கண்மாய் அதைத்தான் செய்கிறது. இதைக் கரையில் நின்று, வரத்துக்காலைக் கையால் காட்டிச் சொன்னால் அந்த ஊர் முழுக்கக் கேட்கும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பேச்சு முடிந்ததும் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு “ஐயா, நம்ம தோட்டத்துல எங்க போட்டா தண்ணி வரும்?” என்று கேட்பார்கள். அந்த இடத்தில் விரலை நீட்டிவிடாத பேச்சாளராகப் பார்த்துக் கூப்பிட வேண்டும். கடன் வாங்கிப் போர் போடும் விவசாயியிடம் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு வருவது பாவம். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் இடத்தைத் தேடும் மின்தடை அளவீட்டை யாரிடம் செய்துகொள்ளலாம், அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மேலூர்ப் பக்கம் போனால் டங்ஸ்டன் பேச்சும் வரும். வரட்டும். நாயக்கர்பட்டித் தொகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் வெளியே தெரிந்ததிலிருந்து, 2025 ஜனவரியில் அது ரத்தானது வரை அந்தக் கிராமங்கள் ஒரு கனிமத்தின் பெயரைச் சொல்லியே வீதியில் நின்றன. டங்ஸ்டன் எதற்குப் பயன்படுகிறது, தரைக்கு அடியில் கனிமம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், சுரங்கம் வந்தால் வெடிப்புகளில் ஓடும் நீர் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டிய கடமை நிலவியல் படித்தவர்களுக்கு உண்டு. அரிட்டாபட்டியைப் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-இல் அறிவித்தபோது அரசு எடுத்துச் சொன்ன காரணங்களில் 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் இருந்தன. ஏரியும் சுனையும் பாறை வெடிப்பு பற்றிய பாடம்தான். இந்தப் பேச்சை மதுரை அரங்கில் வைப்பதை விட அரிட்டாபட்டியிலோ மேலூரிலோ வைப்பதே முறை.

இணையவழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. திருவனந்தபுரத்திலோ ஐதராபாத்திலோ இருக்கும் ஆய்வாளரைச் செலவில்லாமல் பேச வைக்க உதவும். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் நம் பகுதியின் நிலவியல் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து படிக்கச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி இல்லை. மற்றபடி, புதிதாக ஒருவரை நிலவியலுக்குள் இழுக்க இது உதவாது.

யாரைப் பேச வைப்பது என்பது இடத்தைவிடச் சிக்கலான கேள்வி. கல்லூரிப் பேராசிரியருக்குப் புதிய ஆய்வுகள் தெரியும். பேச்சில் ஆங்கிலம் அதிகம் விழும். ஓய்வு பெற்ற நிலவியல் அலுவலர்கள் முப்பது ஆண்டு வெயிலில் நடந்தவர்கள். எந்த ஓடையில் எந்தக் கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள், கதையும் வரும். என் ஓட்டு அவர்களுக்கே. ஆனால் ஒருவரோடு நிறுத்திவிடாமல், குன்றுக்குப் போகும்போது கல் வேலை செய்கிறவர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். கல் எந்தப் பக்கம் நேராகப் பிளக்கும், எந்தப் பக்கம் அடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும் என்று அவர் தடவிப் பார்த்தே சொல்லுவார். தட்டினால் எழும் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று சிற்பிகள் பிரிப்பதையும் அவரிடம் கேட்கலாம். கனிமங்கள் ஒரே திசையில் அடுக்கியிருப்பதால் அப்படிப் பிளக்கிறது என்று நிலவியலாளர் பக்கத்தில் நின்று விளக்கினால், இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதை வந்தவர்கள் நேரில் பார்ப்பார்கள். அவருக்கும் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுத்தானே அவர் வருகிறார்.

பிள்ளைகள் வந்தால் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இங்கே டைனோசர் எலும்பு கிடைக்குமா? கிடைக்காது. ஆழத்தில் வெந்து உருமாறிய பாறையில் எலும்பு நிற்காது. அதற்குத் திருச்சி தாண்டி அரியலூர் போக வேண்டும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாக்கில் கடல் புகுந்திருந்த இடம் அது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் வாடினால், அந்தப் பக்கத்துக் காரை என்ற ஊரின் வறண்ட மேடுகளில் சிப்பி பொறுக்கும் படங்களைக் காட்டி, அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு இப்போதே பெயர் எழுதிக்கொள்ளலாம்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். குன்று நடைக்கு மார்கழி, தை, மாசிதான் தோது. ஆனால் பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் வாரத்தில் யாரும் பாறை பார்க்க வரமாட்டார்கள். பங்குனிக்கு மேல் எட்டு மணிக்கே பாறை சுடும். சித்திரைத் திருவிழா முடியும்வரை ஊருக்கு வேறு நினைப்பு கிடையாது. அந்த மாதங்களை மேசைக்கும் இணையவழிக்கும் ஒதுக்குங்கள். கண்மாய்க் கரைக் கூட்டத்தை ஆவணி, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை வருமுன் வைத்தால், வரத்துக்காலைத் தூர்வார இன்னும் நேரம் இருக்கும். எதற்கும் முகூர்த்த ஞாயிறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சாளரை முதலில் தொலைபேசியில் அழைக்கும்போது தலைப்பு என்ன என்று கேட்பதற்கு முன், எந்தெந்தக் கல்லைக் கையில் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பட்டியல் சொல்லுகிறவரைச் சனிக்கிழமை மேசைக்கு எழுதிக்கொள்ளுங்கள். படங்கள் மட்டும் இருக்கின்றன என்பவருக்கு ஆண்டின் அந்த ஒரு அரங்க மாலையைக் கொடுங்கள்.